உங்கள் பக்கத்துப் பெட்டி

அக்கா,

பெட்டி நேற்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு ஆட்கள் தூக்கி வந்து கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று சாம்பிராணி வாசம் வந்தது. இந்த நேரத்தில் யார் புகை போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் கூடத்தில் ஒருவரும் இல்லை. பெட்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்பக்கத் துணியிலிருந்துதான் அந்த வாசம்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கூந்தலுக்குப் புகை காட்டுவீர்கள். அத்தனை வெள்ளிக்கிழமைப் புகையும் இந்தத் துணியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. துணியும் உங்களுடையதுதானே. முதலில் இருந்த துணியை எலி கடித்தபோது, கட்டிப் பழசான சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைக் கிழித்து நீங்களே ஆணி அடித்துப் பொருத்தினீர்கள். பச்சையில் வெள்ளைப் புள்ளி. "பெட்டிக்குச் சேலை கட்டிவிட்டாள்" என்று தெருவே சிரித்தது. நான் அந்தப் புள்ளிகளில் முகத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் அழுதது சொந்தபந்தம் பார்க்க அழுதது. இது எனக்காக அழுதது.

இந்தப் பெட்டிகள் வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. நான் மருமகளாக வந்து ஆறேழு மாதம் இருக்கும். கொடைக்கானலில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்புகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு நம் மாமனார் மலைக்குப் போனார். போனது தேக்குக் கட்டில் வாங்க. திரும்பி வந்தது ஒரு பாட்டு மெஷின், ஒரு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டு, அதன் பாட்டு வெளியே கேட்க, தரையில் நின்றால் இடுப்பு உயரத்துக்கு வரும் இரண்டு மரப்பெட்டி. புகையிலைச் சிப்பம் ஏற்றும் லாரியில் வந்ததால் எல்லாவற்றிலும் புகையிலை நெடி. நீங்கள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டீர்களே:

"ஏனுங் மாமா, இந்தப் பீரோவுக்குக் கதவு எந்தப் பக்கமுங்க?"

அதற்கு மாமா சிரித்த சிரிப்பு! திண்டுக்கல் புகையிலை வியாபாரிகளில் அவரைப்போல் முகத்தை இறுக்கி வைத்திருப்பவர் கிடையாது என்பார்கள். உங்களுடைய நெய்க்காரப்பட்டிப் பேச்சுக்கு முன்னால் அந்த இறுக்கம் ஒருநாளும் நின்றதில்லை.

பெட்டிகளை வாசல் நிலைக்கு ஆளுக்கொரு பக்கம் துவாரபாலகர் மாதிரி நிறுத்தினார் மாமா. எறும்பு ஏறாமல் இருக்க நீங்கள் அடியில் செங்கல் வைத்தீர்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள். ஈரக் கையோடு தொடக் கூடாது, மேலே டம்ளர் வைக்கக் கூடாது என்று மாமா போட்ட சட்டமெல்லாம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. உங்கள் சீப்பும் பூச்சரமும் இந்தப் பெட்டியின் தலையில் குடியேறிவிட்டன. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் கரண்டு இறங்கும். விளக்கு மங்கும், கூடவே பாட்டும் மங்கும். "பாடறவருக்குப் பசியாட்ட இருக்குதுங்க" என்பீர்கள்.

நம்மூர்ப் பாட்டுத் தட்டு எதைப் போட்டாலும் இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரிதான் கேட்டது. எதற்கு இரண்டு, ஒன்று போதாதா என்று எல்லோருக்கும் சந்தேகம். வெள்ளைக்காரருடைய தட்டு ஒன்றைப் போட்ட அன்றைக்குத்தான் சந்தேகம் தீர்ந்தது. அதில் பாட்டே இல்லை. ஒரு ரயில். இடது பக்கத்துப் பெட்டியில் ஊதல் ஊதி, புகை விட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்பியது. அப்படியே கூடத்தின் நடுவே உருண்டு வந்து, வலது பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்து, பிரேக் போட்டு, நீண்ட பெருமூச்சோடு நின்றது. எல்லோருடைய தலையும் இடமிருந்து வலமாகத் திரும்பியது. நீங்கள் மட்டும் நீட்டியிருந்த காலை வெடுக்கென்று மடக்கிக்கொண்டீர்கள். "வண்டி நம்ம கூடத்துக்குள்ளயே போகுதுங்க!" என்றீர்கள். உங்கள் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், அதைச் சொல்லிச் சொல்லி உங்களைக் கேலி செய்யாத நாள் இல்லை.

நான் குஜிலியம்பாறைப் பக்கத்துக் காட்டு ஊரிலிருந்து வந்தவள். அம்மா முகம் தெரியாது. அப்பாவுக்கு என்னிடம் பேசத் தெரிந்ததெல்லாம் மழை உண்டா இல்லையா என்பதுதான். ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது, பூக் கட்டச் சொல்லிக்கொடுத்தது, மாதம் தள்ளிப்போனதை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தது எல்லாம் நீங்கள். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே கலைந்தது. அடுத்ததும் அப்படியே. இரண்டாவது முறை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். துக்கம் விசாரிக்கிறோம் என்று வந்து என் ஜாதகத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்விட்டு அழ இடமில்லை. நீங்கள் என் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போய் இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தீர்கள். ஏதோ ஒரு தட்டைப் போட்டீர்கள்.

"நீ அழு கண்ணு. நான் சத்தத்தைக் கூட்டி வெக்கறேன். வெளிய கேக்காது."

எனக்கு அன்றைக்கு ஓடிய பாட்டு எதுவென்று தெரியாது. பெட்டி அதிர்ந்து அதிர்ந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தது மட்டும் தெரியும். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் "துக்க வீட்டில் பாட்டு என்ன பாட்டு" என்று உங்களைத் தூற்றினார்கள். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மாமா போன பிறகு வந்த வினையை நான் சொல்லவும் வேண்டுமா? புகையிலைக் கிட்டங்கி முற்றத்தில் கிடந்த சரக்கு ஒரு ராத்திரி மழையில் நனைந்துபோனது. தார்ப்பாய் மூட வேண்டியது தம்பி என்றார் பெரியவர், உங்கள் வீட்டுக்காரர். அண்ணன் மூடுவதாகச் சொன்னார் என்றார் தம்பி. நனைந்த புகையிலை காய்வதற்குள் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பிறகு நிலக்கோட்டையிலிருந்து அவர்களுடைய தாய்மாமா வந்து பாகம் பிரித்தார். வீட்டுக்கு நடுவில் சுவர் என்று முடிவானது. குத்துவிளக்கு ஆளுக்கு ஒன்று, அண்டா ஆளுக்கு ஒன்று, நாற்காலி ஆளுக்கு இரண்டு. கடைசியில் அவர் கண் இந்தப் பெட்டிகள் மேல் விழுந்தது.

"ஜோடிச் சாமான்னா ஆளுக்கு ஒண்ணு. அதுல என்னப்பு யோசனை?"

"மெஷினு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மெஷினு மூத்தவனுக்கு. தட்டு பூராம் சின்னவனுக்கு. யாருக்கும் மனசு கோணாது பாரு."

கதவுக்குப் பின்னால் நாம் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். ஆண்கள் பேசும்போது குரல் கொடுக்காத நீங்கள் அன்றைக்குக் குரல் கொடுத்தீர்கள். "அப்பப் பாட்டு யாருக்குங்க மாமா?"

தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்ன நியாயம் பாருங்கள் அக்கா. மெஷின் இருக்கும் வீட்டில் தட்டு இல்லை. தட்டு இருக்கும் வீட்டில் மெஷின் இல்லை. ஆளுக்கொரு பெட்டி மட்டும் அவரவர் பக்கத்தில் ஊமையாக நின்றது. உங்களுக்கு இடது பக்கத்தது, எனக்கு வலது பக்கத்தது. யாருக்கும் மனசு கோணவில்லையாம்!

சுவர் ஏறியது. "அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது, அவுக கூடப் பேச்சு வச்சுக்கக் கூடாது" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். உங்களிடமும் பெரியவர் அதையே சொல்லியிருப்பார். தெருக்குழாயில் நாம் ஒரே வரிசையில் நின்றாலும், பின்னால் நிற்பவர்கள் போய்ப் பற்றவைப்பார்கள் என்று குடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்போம். எனக்கு அப்போது மறுபடியும் மாதம் தள்ளிப்போயிருந்தது. உங்களிடம் சொல்ல முடியவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. இந்தப் பிள்ளையாவது நிற்குமா என்ற பயத்தை வைத்துக்கொண்டு அந்தப் பாதி வீட்டில் தனியாகக் கிடந்தேன்.

ஒரு மத்தியானம், வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். என் பக்கத்துப் பெட்டிக்குள் ஏதோ முணுமுணுத்தது. எலி என்று நினைத்தேன். முணுமுணுப்பு பெரிதாகி, கடகடவென்று கூடமே நடுங்கி, பிரேக் போட்டு, உஸ்ஸென்று ஒரு ரயில் என் முன்னால் வந்து நின்றது. கத்தரிக்காய் ஒரு பக்கம், அரிவாள்மணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கத்தரிக்காயைப் பொறுக்கி எடுக்கும்போதுதான் புரிந்தது. தாய்மாமா தட்டு உறைகளை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டார். உறைக்கு வெளியே மெஷின்மேலேயே கிடந்த ஒரு தட்டு உங்கள் பக்கமே தங்கிவிட்டது. சுவர் வைத்த கொத்தனார், மெஷினிலிருந்து என் பெட்டிக்குத் தரையோரம் ஓடிய ஒயரை எடுக்கச் சோம்பல்பட்டு அதன்மேலேயே செங்கல்லை அடுக்கிவிட்டார். பாகம் பிரித்த பெரிய மனிதர்கள் யாருக்கும் ஒயர் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. உங்களுக்கு இருந்தது.

நான் எழுந்து போய், சின்ன உலக்கையால் சுவரோரத்துத் தரையில் இரண்டு இடி இடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி லேசாகக் கேட்டது. இத்தனை மாதத்தில் நான் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஆண்கள் கிட்டங்கிக்கும், உங்கள் பையன்கள் பள்ளிக்கூடத்துக்கும் போன நேரமாகப் பார்த்துத் தினமும் வண்டி வரும். நான் உலக்கையால் இடிப்பேன். அவ்வளவுதான் பேச்சு. குழாயடியில் குடம் மாற்றும்போது, உதடு அசையாமல் "வண்டி வந்துச்சா கண்ணு?" என்பீர்கள். "வந்துருச்சுக்கா" என்பேன். உங்கள் கண் ஒரே ஒரு தடவை என் வயிற்றுக்குப் போய்த் திரும்பும். மறுநாள் காலையில் எங்கள் கொல்லைச் சுவரின்மேல் முருங்கைக்கீரையோ நார்த்தங்காயோ இருக்கும்.

ஏழாம் மாதத்தில் உங்கள் கொழுந்தனாருக்குக் காய்ச்சல். கிட்டங்கிக்குப் போகாமல் கூடத்தில் படுத்திருந்தார். உங்களுக்கு எப்படித் தெரியும்? வண்டி வழக்கம்போல் வந்துவிட்டது. அவர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், அது சுவருக்குள் நுழைவதைப் பார்த்தார்.

"இது எம்புட்டு நாளா நடக்குது?"

அவர் போய் அரிவாளை எடுத்து வந்தார். ஒயரைக் கையில் சுருட்டிப் பிடித்தார். அவருக்கு எதிர்வார்த்தை பேசி அறியாதவள் நான். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ.

"வெட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெட்டுங்க. எனக்கு வலி எடுத்தா நான் யாரைக் கூப்பிடட்டும்? எனக்கு யாரு இருக்கா?"

காய்ச்சலில் சிவந்திருந்த கண்ணோடு அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் நீங்கள் என் உலக்கைச் சத்தத்துக்காகக் காத்திருந்திருப்பீர்கள். பதில் வராததால் மறுபடியும் வண்டியைக் கிளப்பினீர்கள். அது இரண்டாவது முறையாக எங்கள் நடுவில் வந்து நின்றது. அவர் ஒயரைக் கீழே போட்டார். அரிவாளைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் செருகினார். திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "தரையில இடி. மதினி நின்னுக்கிட்டே இருப்பாக" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. அந்த ஒரு சொல்லுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

வலி எடுத்ததும் மத்தியானத்தில்தான், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில். சொன்ன நாளுக்கு முன்னதாகவே எடுத்துவிட்டது. அடுப்படியில் விழுந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. கத்தினேன், தெருவுக்குக் கேட்கவில்லை. உங்கள் வண்டி வந்தது. உலக்கை கூடத்தில் இருந்தது. என்னால் தவழ்ந்துகூடப் போக முடியவில்லை. இரண்டாவது முறை வந்தது. மூன்றாவது முறை வரும்போது பாதியிலேயே நின்றுபோனது. தட்டிலிருந்து முள்ளை எடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள் என்று புரிந்தது. அக்கா, அந்தப் பாதியில் நின்ற ரயில்தான் என் ஆயுசிலேயே நான் கேட்ட நல்ல சத்தம்.

கம்பு மாவு பிசைந்த கையோடு, தெருவே பார்க்க, மிதிக்கக் கூடாத வாசப்படியை மிதித்துக்கொண்டு வந்தீர்கள். பிறகு மருத்துவச்சி வந்தார். உங்கள் கொழுந்தனாரும் பெரியவரும் ஒரே நேரத்தில் ஓடி வந்து வாசலில் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். "நீ எதுக்கு இங்க வந்தே?" என்று பெரியவர் உங்களைக் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. நீங்கள் கதவை ஒருக்களித்துத் திறந்து சொன்னீர்கள்: "ஏனுங்க, பொம்பளப் புள்ள பொறந்துருக்குதுங்க. வெந்நி வேணும். ரெண்டு பேரும் சும்மாதான நிக்கறீங்க, தண்ணி சேந்தியாங்க."

இரண்டு பேரும் போய்த் தண்ணீர் சேந்தினார்கள்.

அதற்காகச் சுவரை யாரும் இடிக்கவில்லை. அண்ணன் தம்பி பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தையோடு நின்றது. ஆனால் நாம் போய்வருவதை யாரும் கேட்கவில்லை. நான் தட்டுகளை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவேன், நீங்கள் போடுவீர்கள், இரண்டு வீட்டிலும் பாட்டுக் கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் தம்பியும் அந்தப் பக்கம் அண்ணனும் ஒரே பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள், தங்களுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்ற முகத்தோடு. வெள்ளைக்காரருடைய தட்டைப் போட்டால்தான் வேடிக்கை. "எம்பக்கம் அந்தம்மா பாடுது, உம்பக்கம் பிடில் வாசிக்கறாங்க. அவிங்களும் பாகம் பிரிச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்பீர்கள்.

பிறகு உங்கள் வயிற்றில் அந்தக் கட்டி. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக ஒரு வருடம். கடைசியாகப் போன அன்று, காரில் ஏறும்போதுகூட, "மெஷினைத் துணி போட்டு மூடச் சொல்லு கண்ணு, தூசி ஏறிரும்" என்றீர்கள். நான் வாரேன்க்கா, நாளைக்கே வாரேன் என்றேன். போய்ப் பார்த்தேன். என்னைத் தெரிந்துகொண்டீர்களா என்று தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பெரியவரே மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பாகம் பிரித்த பிறகு முதல்முறையாக உள்ளே காலை வைத்தார். "அவ இல்லாம இத வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்ய? ஒத்தப் பெட்டி. பிள்ளை கேக்கட்டும்" என்றார். உங்கள் கொழுந்தனார் அவர் கையிலிருந்து மெஷினை வாங்கினார். இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒயர் மாட்டினார்கள்.

"எதுடா இடது?"

"நம்ம பார்த்து உக்கார்றப்ப இடதுண்ணே."

பழைய பழக்கத்தில் அண்ணே என்று கூப்பிட்டது தம்பிக்கே தெரியவில்லை.

முதலில் ரயில் தட்டைத்தான் போட்டார்கள். என் மகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எங்கள் பக்கத்துப் பெட்டியில் ரயில் வந்து நிற்பது மட்டுமே தெரியும். அது கிளம்பும் இடம் ஒன்று இருப்பது தெரியாது. உங்கள் பெட்டியில் ஊதல் ஊதியதும் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஊதல். பெருமூச்சு. மெல்ல மெல்ல விலகி, சிறுத்து, உங்கள் பெட்டியில் ஒன்றுமே இல்லாமல் போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. இத்தனை வருடமும் எனக்கு வந்துகொண்டே இருந்தது. தினமும் ஒரு வண்டி எனக்காக வந்து நின்றது. உங்கள் பக்கம் என்ன கேட்டது என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. உங்கள் பக்கம் அது போனது. தினமும் அது உங்களை விட்டுவிட்டுப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பாதிக் கூடத்தில் நின்று என் உலக்கைக்குக் காத்திருந்திருக்கிறீர்கள்.

"ஒயரை மட்டும் மாத்தி மாட்டுங்க" என்றேன்.

"மாத்துனா எல்லாம் தப்பாயிருமேம்மா, எடம் வலமா மாறிப்போயிரும்" என்றார் பெரியவர்.

"மாறட்டும். வண்டி அக்கா பெட்டிக்கு வரட்டும்."

அவர் குனிந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். கண் மறைத்ததோ என்னவோ, ஒரு திருகாணி கையிலிருந்து நழுவி ஓடியது. தம்பிதான் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இனிமேல் இப்படியேதான் இருக்கும், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மற்ற வெள்ளைக்காரத் தட்டெல்லாம் தலைகீழாகக் கேட்கிறதாம். கேட்டுவிட்டுப் போகட்டும். வண்டி என் பக்கத்திலிருந்து ஊதிக்கொண்டு கிளம்புகிறது, கூடத்தைக் கடந்து, உங்கள் சுங்குடிக்குள் வந்து நிற்கிறது. நான் என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். போகும் சத்தத்தை இனி நான் கேட்டுக்கொள்கிறேன் அக்கா. நீங்கள் கேட்டது போதும்.